கடிகாரம் அருகில் இல்லை

"எழுபத்தெட்டு. நாடி ஜம்முனு ஓடுது மாஸ்டர்" என்றாள் நர்ஸ், அவர் மார்பில் ஒட்டியிருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே.

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் அவர். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பதைத் தவிர உடம்பை அசைக்காத மனிதர். வயது ஐம்பத்தாறு. அப்பேர்ப்பட்டவருடைய 'உடற்தகுதி வயது' மூன்று வாரமாக மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அறுபது, நாற்பத்தைந்து, முப்பத்தொன்று.

சொன்னது கைக்கடிகாரம். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று மகள் அனுப்பியது. இரண்டும் கறுப்பு, அச்சு அசல் ஒரே மாதிரி. அம்மா அதில் மணி மட்டும் பார்ப்பாள். அப்பாவுக்கு அந்தப் பொடி எண்கள் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு, கணக்கையெல்லாம் போனில் பெரிய எழுத்தில் பார்ப்பார்.

பார்த்துவிட்டு மனைவியை வம்புக்கு இழுப்பார்.

"உன் புருஷன் இளவட்டமாயிட்டே வர்றான். நீ என்னடான்னா நாலு படி ஏறினா உக்காந்துடற."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

இந்தப் பெருமையை அவர் கார் பழக வந்த இதே நர்ஸிடமும் அளந்தார், ஓய்வில் நாடி முப்பத்தாறுதான் என்று. ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று பிரேக் போட்டாள். ஓய்வில் நாடி குறையக் குறைய ஆள் திடமாகிறார் என்று கடிகாரம் கணக்குப் போடும், தினமும் ஓடுகிறவருக்கு அது சரி என்றாள். ஓடாதவருக்குத் திடீரென்று முப்பத்தாறுக்கு இறங்கினால் இதயத்தில் ஏதோ கோளாறு. அந்த வித்தியாசம் கடிகாரத்துக்குத் தெரியாது.

இரண்டு நாள் தூக்கமில்லை அவருக்கு. இன்று காலை மனைவியிடம் மூச்சுவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வந்துவிட்டார். அவளும் எங்கே என்று கேட்கவில்லை. களைப்பாக இருக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்று சோபாவில் சாய்ந்துவிட்டாள்.

நர்ஸ் அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"வாட்ச்லயும் எழுபத்தெட்டுதானே காட்டுது. முப்பத்தாறுன்னு எங்க பாத்தீங்க?"

"போன்லம்மா."

எடுத்துக் காட்டினார். 'கடிகாரம் அருகில் இல்லை' என்றது போன்.

கட்டியிருந்த கையைப் போனோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். அருகில் இல்லை.

"அப்போ இந்த முப்பத்தாறு யாரோடது மாஸ்டர்?"

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பிரிட்ஜின் மேல்பக்கத்தைத் துடைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் உருப்படியாகச் செய்த ஒரே வீட்டு வேலை. சார்ஜில் கிடந்த இரண்டு கடிகாரங்களையும் எடுத்துவிட்டு, துடைத்து, திரும்ப வைத்தார். இடப்பக்கம் அவருடையது, வலப்பக்கம் அவளுடையது. அப்படித்தான் வைத்ததாக நினைத்தார்.

வீட்டுக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது.

காரை எப்படி ஓட்டிவந்தார் என்று அவருக்கே தெரியாது. வாசலில் நின்று அழைப்புமணியை அழுத்தினார். உள்ளே சத்தமில்லை.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

'கடிகாரம் இணைந்தது.'

கதவுக்கு அந்தப் பக்கம், பத்தடியில்தான் இருக்கிறாள்.

அடுத்த வரி பெரிய எழுத்தில் வந்தது. 'வாழ்த்துகள்! இதுவரை இல்லாத ஆழ்ந்த ஓய்வு. உங்கள் உடற்தகுதி வயது: இருபது.'

அவர் மறுபடியும் மணியை அழுத்தினார்.