மாலையில் வரும் நெடி

“இன்னிக்கும் புகார் வந்தா, உங்க டவரைப் பிரிச்சு லாரியில ஏத்திடுவேன்” என்றார் மேலாளர்.

டவர்க்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனியில் பெயிண்ட் அடிக்கும் கூடத்தின் கெட்ட காற்று முழுவதும் அவர் நிறுவிய சுத்திகரிப்பு டவருக்குள்தான் போகிறது. உள்ளே மரத்துண்டுகளின்மேல் பாசிபோல வழவழவென்று படர்ந்திருக்கும் பாக்டீரியாக்கள் நெடியைத் தின்று தீர்த்துவிடுகின்றன. வெளியே வரும் காற்று சுத்தம் என்று மீட்டரே காட்டுகிறது. ஆனாலும் தினமும் மாலையில், பேர் சொல்லாத ஒரு பெண் போன் செய்து நாற்றம் தாங்கவில்லை என்கிறாள்.

“காலையிலேருந்து அந்தக் கூடத்துக்கும் டவருக்கும்தான் நடையா நடக்கிறேன். எனக்கு ஒரு வாடையும் வரலியே சார்! அந்தம்மா மூக்குலதான் ஏதோ கோளாறு.”

“அப்ப இன்னிக்கு நீங்களே இருந்து அவங்களுக்குப் பதில் சொல்லுங்க.”

வீட்டுக்குப் போகாமல் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். இருட்டும்வரை அது வாயே திறக்கவில்லை.

“பாத்தீங்களா? எல்லாம் வேணும்னே பண்றது!”

“சரி, டவர் இருந்துட்டுப் போகட்டும்” என்று மேலாளர் இறங்கிவந்தார்.

டவர்க்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். துண்டை மறந்துவிட்டுத் திரும்பியபோது, சமையலறையில் மனைவி போனில் கிசுகிசுப்பது கேட்டது.

“பெயிண்ட் கம்பெனிங்களா? பேரெல்லாம் வேண்டாம் சார், தெரிஞ்சா எங்க வீட்டுக்காரர் குதிகுதின்னு குதிப்பார். அந்த நாத்தம் வந்துடுச்சு சார். இன்னிக்கு என்னவோ, கொஞ்சம் லேட்டு.”