வெட்ட வேண்டிய வார்த்தைகள்

"கதவைச் சாத்திக்கவா அக்கா? உள்ள அம்மா இருக்காங்க. இந்தப் பேச்சு அவங்க காதுல விழக்கூடாது."

"சாத்துங்க தம்பி. நின்னு கேட்ட எனக்கே போதும். இன்னொரு பொம்பளை எதுக்குக் கேக்கணும்?"

கிறிஸ்தோபர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். மாத்தளை டவுனில், வீட்டு முன்னறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். கல்யாண வீடியோவுக்குப் பாட்டுச் சேர்ப்பதும், பழைய கசெட்டைச் சீடியாக்குவதும்தான் அவன் தொழில். கெட்ட வார்த்தையை வெட்டித் தரச் சொல்லி ஆள் வந்தது இதுதான் முதல் தடவை.

வந்தவள் மரிய கொறற்றி. மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்து அடையாள அட்டை பார்த்ததில் பாதிப் பகல் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டே, கறை படிந்த விரல்களால் மகள் விட்டுப்போன பழைய போனை நீட்டியிருந்தாள்.

"மலையில எங்கள வேலை வாங்குற கணக்கப்பிள்ளை எனக்குப் பேசின பேச்சு. போனைக் கூடைக்குள்ள போட்டுப் பிடிச்சேன். நாளைக்குத் தோட்டத்துத் தொரை முன்னாடி விசாரணை. கெட்ட வார்த்தைக்கு மட்டும் பீப் போட்டுக் குடுங்க."

முதல் நாலு வார்த்தை ஸ்பீக்கரில் வந்ததுமே அவன் சத்தத்தை அடைத்துவிட்டான். இப்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

கெட்ட வார்த்தையை வெட்டுவது லேசான வேலையில்லை. அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பிடிக்க வேண்டும். அதற்கு ஒரே வார்த்தையை நாலைந்து தடவை திருப்பித் திருப்பிக் கேட்டாக வேண்டும்.

கேட்டான். அவளுடைய தாயை இழுத்து ஒன்று. கொழும்பில் கார்மென்ட்டுக்குப் போகும் மகளை இழுத்து இரண்டு. செத்துப்போன புருஷனையும் விடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி மகள்.

கிறிஸ்தோபருக்குக் காது சுட்டது. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"என்ன தப்புக்கு அக்கா இவ்வளவு?"

"பேரனுக்குக் காய்ச்சல். காலையில பேர் குடுக்கிற பெரட்டுக்குப் பத்து நிமிஷம் பிந்திட்டேன்."

"எப்பவும் இப்பிடித்தானா?"

"ஆறு வருஷமா. அட்டை கடிச்சா உப்பு வைக்கலாம் தம்பி. இதுக்கு எதை வைக்கிறது?"

அவன் மவுஸை உருட்டினான். குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"அவருக்கு வேலை போயிருமா?"

"போகணும்னுதான் வெக்கத்த விட்டு வந்திருக்கேன். இல்லன்னா எனக்குப் போயிரும்."

அவன் விரல் டிலீட் கட்டையின் மேல் போய் நின்றது. ஒரே அமுக்கு, கேபிளில் மாட்டியிருந்த போனில் இருப்பதும் போய்விடும். கம்ப்யூட்டர் தின்றுவிட்டது என்று சொன்னால் தோட்டத்துப் பொம்பளைக்கு என்ன தெரியப் போகிறது? விரலை எடுத்துக்கொண்டான். ஆனால் ஓரிடத்தில், வெட்ட வேண்டியதற்கு மேலேயே நீளமாக ஒரு பீப்பைப் போட்டான்.

முடித்துவிட்டு ஹெட்போனை அவளிடம் கொடுத்தான். கண்ணை மூடிக் கேட்டவள், சட்டென்று கையைத் தூக்கினாள்.

"நிப்பாட்டுங்க. இந்த இடத்துல 'பேரை வெட்டி லயத்து வீட்டை விட்டே துரத்துவேன்'னு சொன்னாரு. அதுல கெட்ட வார்த்தை எங்க இருக்கு?"

"கை... தவறிருச்சு அக்கா."

"தவறினா திருத்திடுங்க."

அதட்டல் இல்லை, கோபமும் இல்லை. அதுதான் அவனை அதிகமாகச் சுட்டது. பீப்பைக் குறைத்து, மிரட்டலை வெளியே விட்டான். அந்தக் குரலை அவன் இன்னும் நாலு தடவை கேட்க வேண்டியிருந்தது.

சீடி வெளியே வந்தது. தலையைக் குனிந்தபடியே உறையில் போட்டு நீட்டினான்.

"எல்லாத்தையும் கேட்டீங்களா தம்பி? ஒண்ணும் விடலையே?"

"ஒண்ணு விடாமக் கேட்டேன்."

அவள் சீடியை மேசையிலேயே வைத்துவிட்டு, போனை மட்டும் எடுத்து மடியில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, சீடியை விட்டுட்டுப் போறீங்க."

"அது எனக்கு வேணாம். விசாரணைக்கு வெட்டாததைத்தான் கொண்டுவரச் சொல்லியிருக்காங்க." அவள் கதவில் கை வைத்துத் திரும்பிப் பார்த்தாள். "நாளைக்கு உங்கப்பா வீட்டுக்கு வந்து, கொறற்றி சொன்னதெல்லாம் பொய்னு சொல்லுவாரு. இந்த வீட்டுல ஒருத்தருக்காவது உண்மை தெரியணும்னுதான் தம்பி உங்ககிட்ட வந்தேன்."