நிழற்குடையில் ஒரு பயணி

நிழற்குடைக்கு மானியத்தின் அடுத்த தவணை வர வேண்டுமென்றால், பயணிகள் உட்கார்ந்திருக்கும் படம் அனுப்ப வேண்டும். அந்தச் சாலையில் பேருந்தே கிடையாது. புல்லுக்கட்டோடு வழியில் போன பூவாயியை உட்காரவைத்துப் படமெடுத்தாள் திட்ட அலுவலர் செண்பகவல்லி. பணம் வந்தது, பேருந்து வரவில்லை. மறுவருடம் ஆய்வுக்குப் போனபோதும் பூவாயி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மடியிலிருந்த புல் இன்னும் பச்சையாகவே இருந்தது.

“ஏம்மா, வீட்டுக்குப் போகலையா?”

“அசையாம இருன்னீங்க. எந்திரின்னு சொல்லவே இல்லையே.”

பூவாயி கண்ணாலேயே பக்கத்து இடத்தைக் காட்டினாள். செண்பகவல்லி உட்கார்ந்தாள். ஆய்வுப் படத்துக்காக ஜீப் ஓட்டுநர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

“அப்படியே அசையாம இருங்க மேடம்.”