கடைசியாகச் சொன்னது

சுபாங் விமான நிலைய ஹேங்கரின் பின்புறம், காலை வெயிலில் நிற்கும் பழைய விமானத்தின் இறக்கையில் உள்ளங்கையை வைத்தபடி நிற்கிறார் இராசேஸ்வரி. இங்கே விமானங்களைச் சோதித்து, கையெழுத்திட்டுப் பறக்க அனுமதித்த முதல் பெண் பொறியாளர் அவர். ஓய்வுபெற்று பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருக்கிறார். இன்று இந்த விமானத்தை வெட்டி லோரியில் ஏற்றப் போகிறார்கள் என்று சொல்லி அழைத்து வந்தவர், அந்நாளில் அவரோடு வேலை பார்த்த மெக்கானிக் ராதாகிருஷ்ணன். உரிந்த பெயிண்டின் மேல் நேற்றைய மழை இன்னும் மின்னுகிறது. எஞ்சின் இருந்த குழிக்குள்ளிருந்து ஒரு மைனா எட்டிப் பார்த்துக் கத்துகிறது. "பொம்பள செக் பண்ண பிளேன எடுக்க மாட்டேன்னு அந்த கேப்டன் நின்னாரே, ஞாபகம் இருக்கா மேடம்?" என்கிறார் ராதாகிருஷ்ணன். "மறக்குமா? அப்ப நானும் வரேன் கேப்டன்னு ஏறி உட்கார்ந்துட்டேன். கிள்ளான் ஆறு கீழ பழுப்பு நாடா மாதிரி தெரிஞ்சப்பதான் பயம் போச்சு லா. அடுத்த தடவை அந்த மனுஷன் என் கையெழுத்தைத்தான் கேட்டார்." இருவரும் சிரிக்கிறார்கள். சிரிப்பு அடங்கும்வரை, வெட்டும் கருவியோடு தள்ளியே நிற்கிறார் தொழிலாளி. பிறகு, "ஆன்டி, ஆரம்பிக்கலாமா?" என்கிறார். இராசேஸ்வரி கையை எடுக்கிறார். அதில் ஒட்டியிருக்கும் பெயிண்டின் வெள்ளைப் பொடியைத் துடைக்கவில்லை. "ரெண்டு இறக்கையையும் சமமா வெட்டுங்க தம்பி," என்கிறார். "அது ஒரு பக்கமா சாயக்கூடாது."