அடியில் படுத்துக்கொண்ட ஈஸ்ட்

குளிர்ந்த மலைக்குகை ஒன்றில், ஐஸ் பாளங்களுக்கு நடுவே, ஒரு மரப் பீப்பாய் கவலையோடு உட்கார்ந்திருந்தது. பங்குனியில் காய்ச்சிய பீர் அதன் வயிற்றுக்குள் இருந்தது. கோடையில் பீர் புளித்துப்போகும், புளித்ததை வாய்க்காலில் கொட்டிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அதற்கு நிம்மதியே இல்லை.

போதாக்குறைக்கு, பீரைப் பக்குவப்படுத்த வேண்டிய ஈஸ்ட் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

“ஏம்ப்பா, குகை வாசல்ல இருக்கிற பீப்பாயைப் பாரு! அங்க உன் சொந்தக்காரன் மேல ஏறி நுரைநுரையாப் பொங்குறான். நீ தூங்குனா கோடைக்குள்ள வேலை முடியுமா?” என்று பீப்பாய் அதட்டியது.

“குளிருது அண்ணே. பீர்ல இருக்கிற சர்க்கரையை மெல்லத்தான் சாப்பிட முடியும்” என்றது ஈஸ்ட்.

சொல்லிவிட்டு ஒரு சின்னக் குமிழி விட்டது. அடுத்த குமிழிக்காகக் காத்திருந்தே பீப்பாய்க்குக் கண் சொக்கியது.

வெளியே வெயில் ஏறியது. வாசல் பீப்பாயின் பீர் புளித்து வாய்க்காலுக்குப் போனது. அந்த வாடை குகைக்குள் வந்தபோது, நம் பீப்பாய் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

கோடை முடிந்து இலைகள் உதிர ஆரம்பித்த ஒரு காலையில், பீர் காய்ச்சும் மார்த்தா வந்து, ஒரு கண்ணாடிக் குவளை நிறையப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பீருக்கு அந்தப்புறம் அவள் விரல் ரேகைகூடத் தெரிந்தது. ஒரு வாய் குடித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து மீதியையும் குடித்தாள்.

பிறகு, அடுத்த பீருக்கு வேண்டுமென்று, பீப்பாயின் அடியில் படிந்திருந்த ஈஸ்டைப் பதமாக ஒரு சட்டியில் வழித்தாள்.

ஈஸ்ட் அரைக்கண் திறந்தது.

“என்ன அண்ணே, கோடை வந்துருச்சா?”