காற்று கேட்ட இருக்கை

பனிமலையில் புயல்காற்று வீசியதால், கம்பியில் தொங்கியபடி ஆட்களை மலைமேல் ஏற்றிச் செல்லும் நாற்காலிகளை நிறுத்தி, ‘இன்று ஓடாது’ என்று பலகை மாட்டிவிட்டார்கள்.

காற்றுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பதினேழாம் நாற்காலியைப் பிடித்து உலுக்கியது.

“உங்களை நிறுத்தியவன் நான்தான். கும்பிட்டுக் கேள், விட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் கம்பியிலிருந்து பிடுங்கி எறிவேன்.”

“எறிந்துகொள். கேட்கமாட்டேன், போடா,” என்றது நாற்காலி.

மூன்று நாள் விடாமல் ஆட்டியது காற்று. நாற்காலியின் ஆணிகளில் பாதி கழன்று பள்ளத்தில் விழுந்தன. வாய் மட்டும் ஓயவில்லை.

நான்காம் நாள் காற்றுக்கே மூச்சு வாங்கியது.

“அண்ணே, கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளட்டுமா?”

“தாராளமாக, தம்பி. ஆனால் காற்று நின்ற பிறகுதான் இங்கே ஆள் ஏற்றுவோம்.”

காற்று நின்றது. கீழே பலகையைக் கழற்றினார்கள். பதினேழாம் நாற்காலி காற்றை மடியில் வைத்துக்கொண்டு மலையேறியது. அந்த இருக்கை இன்றைக்கும் சில்லென்றுதான் இருக்கிறது.