பிஸ்கட்டுக்கு ஒரு வீடு

"இன்னுமா முடியல, கர்ட்?" காலையிலிருந்து ஷெல்பி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"உன் மலைப்பாம்பு பிஸ்கட் எட்டடி நீளம். முழுசா நீட்டிப் படுக்கணும்னு நீதானே சொன்னே?"

அமெரிக்காவின் டல்சா நகரில் இருந்த அந்தச் சின்ன வீட்டில், சோபாவை வெளியே போட்டுவிட்டுக் கூடத்தில் பாம்புக்குப் பெட்டி செய்துகொண்டிருந்தான் கர்ட். பாம்பென்றாலே நடுங்குகிறவன். ஆனால் சண்டை ஓய்ந்து மனைவி முகம் கொடுத்துப் பேசுவதே இந்த வேலை தொடங்கிய பிறகுதான்.

முடிந்ததும் ஷெல்பி பூட்டை இழுத்துப் பார்த்தாள். பாம்புக்குக் கதகதப்பு தர உள்ளே மாட்டிய விளக்கின் சூட்டைக் கை வைத்துப் பார்த்தாள். பிஸ்கட்டை உள்ளே விட்டாள். அது தலை முதல் வால் வரை நீண்டு படுத்தது.

"அப்பாடா! இப்பதான் நிம்மதி." கண்ணைத் துடைத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனவள், பெரிய சூட்கேசோடு வந்தாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"நான் தனியாப் பார்த்திருக்கிற வீட்ல பாம்பு வச்சுக்க விடமாட்டாங்களாம். ஞாயித்துக்கிழமை எலி போட மறந்துடாதே. பயப்படாதே, உன்னை ஒண்ணும் பண்ணாது."